வெள்ளிக்கிழமை, 00:04

தப்பு என்னுடையதுதான்.
வேகம் கூடும் என்று நம்பி
அந்த நீலத்திரைக்குள் நுழைந்தேன்.
அங்கிருந்ததில் பாதி புரியவில்லை.
புரியாத இரண்டை
‘இயக்கு’ என்பதிலிருந்து ‘முடக்கு’ என்று மாற்றி
எஃப்-பத்தை அமுக்கி, ஆம் என்றேன்.
ஆம் என்பதில் நான் எப்போதும் அவசரக்காரன்.

பிறகு காற்றாடி மட்டும் சுற்றியது.
திரை கறுப்பு.
கேப்ஸ் லாக் விளக்கு மூன்று தரம் சிமிட்டும், நிற்கும்,
மறுபடி மூன்று.
ஏதோ சொல்ல வருகிறது என்பது வரை தெரிகிறது.

சிம் லிம் சதுக்கம், மூன்றாம் மாடி,
இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது வெள்ளி.
உத்தரவாதம் முடிந்து ஒன்பது நாள்.
எடுத்துக்கொண்டு போனால் கடைக்காரர்
இதைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார்,
பிறகு கண்ணாடிப் பேழையில் இருக்கும் புதியதை
நெடுநேரம் பார்ப்பார்.

உள்ளே ஒரு கடிதம் இருக்கிறது.
நான்கு வரி, நான்கு மாதமாக எழுதியது.
காலை ஒன்பதுக்கு மேலாளருக்குப் போக வேண்டும்.
நகல் இல்லை.
கைப்பேசியில் இருந்தால்
ஏதாவதொரு பேருந்தில், ஏதாவதொரு கோபத்தில்
அனுப்பிவிடுவேன் என்று பயந்து
இதில் பூட்டி வைத்தேன்.

ஈசூனில் வாடகை அறை.
பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாதென்று
திருமதி கோ எழுதி ஒட்டிய தாள்
குளிர்பெட்டியில் இருக்கிறது.
இரண்டு மணிக்கு ரிட்சுவான் வந்தான்,
உணவுப் பையும் நனைந்த தலைக்கவசமுமாக.
மேசையை ஒரு பார்வை பார்த்தான்.
“மாத்தி?” என்றான்.
செத்துப்போச்சா என்று அவன் மலாயில் கேட்டது
என் காதில் தமிழாக விழுந்தது.
ஆமாம், மாத்தித்தான்.
இரண்டும் சரி.

மூக்குக்கண்ணாடிக்கு வாங்கிய குட்டித் திருப்புளி.
மைலோ டின் மூடியில் பதினோரு திருகு,
கடைசி ஒன்று ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருந்தது.
காலாவதியான ஈசி-லிங்க் அட்டையை ஓரத்தில் செருகி
மெல்ல இழுத்தோம்.
ஒவ்வொரு ‘டக்’குக்கும்
இருவரும் திருமதி கோவின் கதவைப் பார்த்தோம்.

உள்ளே தேடினேன்.
நேரத்தை நினைவில் வைக்கும் அந்தப் பொத்தான் பேட்டரியைக்கூட
மிச்சம்பிடித்திருக்கிறார்கள்.
பெரிய பேட்டரியின் வயரை நகத்தால் நெம்பிக் கழற்றினேன்.
பவர் பொத்தானை அமுக்கியபடி
அறுபது வரை எண்ண வேண்டும்.
நான் தமிழில் எண்ணினேன்,
விளக்குப் பிடித்தவன் வேறெதிலோ எண்ணினான்,
எனக்கு முன்பே முடித்துவிட்டான்.

வயரை மாட்டினோம். காற்றாடி. கறுப்பு.
கறுப்பு.
கறுப்பாகவே இரு, நாளைக்கு லீவு போட்டுவிடுகிறேன்
என்று நினைத்த நொடியில்
வெளிச்சம்.

1 ஜனவரி 2021, வெள்ளிக்கிழமை, 00:04.

நான் இன்னும் இந்த ஊருக்கு வரவில்லை என்கிறது.
இணையத்தைத் தொட்டால்
சான்றிதழ் செல்லுபடியாகும் நாள்
இன்னும் வரவில்லையாம்.
என் பட்டத்துக்கும் முதல் வருடம்
இதே பதிலைத்தான் சொன்னார்கள்.
கடிதத்தைத் திறந்தேன்.
மேல்மூலையில் தானாக விழும் தேதியும்
அதேதான்.
வேலையில் சேர்வதற்கு ஓராண்டு முன்பே
வேலையை விடுகிறேன், மிகவும் பணிவோடு.

ரிட்சுவானிடம் காட்டினேன்.
பையில் முகம் புதைத்துச் சிரித்தான்,
தாளில் எழுதியிருக்கிறதே.

கடிகாரத்தை முன்னே தள்ளினேன், ஆண்டு ஆண்டாக.
இருபத்திரண்டில் விமானம்.
இருபத்து மூன்று முழுக்க வேஃபர் ஆலையில் இரவு முறை,
அதைத் தாண்ட விரல் கொஞ்சம் தயங்கியது.
மற்றவை விரைவாகப் போயின.

மூடும்போது மூடியில் பத்துத் திருகுதான் இருந்தது.
இருவரும் தரையில் தேடினோம். இல்லை.

இப்போது மணி ஏழே கால்.
கடிதத்தில் ஓர் ஒற்று மிகையாக இருந்தது, எடுத்துவிட்டேன்.
கணினியைப் பையில் வைக்கத் தூக்கினால்
உள்ளே எங்கோ
அந்தப் பதினோராவது
மெதுவாக உருள்கிறது.