இரண்டு உலை

பலதுறை மருந்தகத்தில் தந்த தாளில் மூன்று கட்டங்கள்.
பச்சை: தினமும்.
மஞ்சள்: எப்போதாவது.
சிவப்புக்குக் கீழே வெறும் வெள்ளை.
ஆலோசகர் ஷம்ஷாத் பேனாவை
என் பக்கம் திருப்பி வைத்தார்:
"என்ன சாப்பிடறீங்கன்னு உங்களுக்குத்தானே தெரியும்?"

தொண்ணூற்று மூன்று கிலோ.
ஈசூன் முனையத்திலிருந்து பேருந்து ஓட்டுகிறேன்.
வயிறு ஸ்டியரிங்கோடு பேச ஆரம்பித்து
வருடம் நாலாகிறது.

கோப்பி. மஞ்சளில் எழுதினேன்.
அடித்துவிட்டு, 'ஓ கொசோங்' என்று சேர்த்துப்
பச்சைக்குக் கொண்டுபோனேன்.
பாலும் சீனியும் விலகியதும்
கட்சி மாறிவிட்டது.
பரோட்டாவுக்கு யோசிக்கவே இல்லை.
சிவப்பு. அதற்கே தெரியும்.

ரொட்டிதான் ஏமாற்றியது.
ஃபேர்பிரைஸ் அலமாரியில்
பழுப்பாய், அடக்கமாய் உட்கார்ந்திருந்தது.
கண்ணாடியை மறந்துபோனவன்
பொட்டலத்தைக் கைநீட்டிப் பிடித்துப் படித்தேன்:
முழுத்தானியம் பன்னிரண்டு விழுக்காடு.
மீதி, வெயிலில் நின்ற மைதா.

தேக்காவில் வரகு,
பாஸ்மதியைவிட ஒரு வெள்ளி அதிகம்.
கடைக்காரர் அளந்துகொண்டே கேட்டார்,
"சீனி வியாதியா, கல்யாணமா?"
இரண்டும் இல்லை என்றேன்.
நம்பவில்லை.

மதிய இடைவேளையில் சூன் ஹெங்
தாளை வாங்கிப் படம் பார்ப்பதுபோலப் பார்த்தான்.
பழங்கள் பச்சையில் இருந்தன.
"அப்போ டுரியான்?"
சட்டம் தெரிந்தவன்.
பதில் சொல்லுமுன் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது;
நல்லவேளை.

தோசைதான் முடியாத வழக்கு.
உளுந்து இருக்கிறதே, புளித்திருக்கிறதே என்கிறது ஒரு தரப்பு.
அரிசி வெள்ளை, எண்ணெய் சாட்சி என்கிறது மறுதரப்பு.
பச்சைக்கும் மஞ்சளுக்கும் இடையே
கோட்டின் மேலேயே எழுதி வைத்தேன்,
பாதி அங்கே, பாதி இங்கே.

பழுப்பரிசி வேக நாற்பது நிமிடம்.
மாதங்கியின் பொன்னிக்குப் பதினெட்டு.
"எனக்கு யாரும் தாள் தரலையே" என்றாள்,
ஐம்பத்தொரு கிலோக்காரி.
முஸ்தபாவில் சின்னக் குக்கர் ஒன்று வாங்கி வந்தேன்.

செங்காங்கிலிருந்து வந்த அவள் தங்கை
அடுக்களையில் நின்று சிரித்தாள்:
"ரெண்டு பேருக்கு ரெண்டு உலையா? எப்ப பிரிஞ்சீங்க?"
சிரிப்பில் நாங்களும் சேர்ந்துகொண்டோம்.
அந்தச் சொல் மட்டும்
கழுவாத கரண்டிபோலத் தொட்டியில் கிடந்தது.

அதற்குப் பிறகுதான் காதில் விழுந்தது.
அவள் குக்கர் முதலில் 'டக்' என்னும்.
அவள் தட்டு முதலில் ஆறும்.
என்னுடையது இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும்.
இருபத்து மூன்று வருடம்
ஒரே ஆவியில் சாப்பிட்டவர்கள்,
இப்போது இருபத்திரண்டு நிமிட இடைவெளியில்.

இரண்டு கிலோ பழுப்பரிசி.
ஒரு வேளைக்கு ஒரு பிடி.
என் கணக்கில் இருபத்தைந்து நாள் வரவேண்டும்.
பதினான்காம் நாளே
பையின் அடி தெரிந்தது.

எலி என்று நினைக்க
பதின்மூன்றாம் மாடி.
நான் கேட்கவில்லை.
அடுத்த வாரம் ஐந்து கிலோவாகத் தூக்கி வந்தேன்;
"எதுக்கு இவ்வளவு?" என்று அவளும் கேட்கவில்லை.

நேற்று கடைசி நடை முடித்து
பன்னிரண்டரைக்கு வீடு வந்தால்
சின்னக் குக்கர் அலமாரி மேல் ஏறியிருந்தது,
வயரைச் சுற்றிக்கொண்டு.
பெரியதில் மூடிக்குக் கீழே மாவு:
பழுப்பரிசியும் உளுந்தும், நாலு வெந்தயமும்.
பொங்கி விளிம்பைத் தொட்டிருந்தது.

காலையில் முதல் தோசை கல்லை விடவில்லை.
இரண்டாவது கிழிந்தது.
மூன்றாவதை நின்றுகொண்டே
இருவரும் பிய்த்துத் தின்றோம்.
கொஞ்சம் சொரசொரப்பு.
"சாக்கு மாதிரி இருக்கு," என்றாள்,
இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டே.

குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிய தாளில்
தோசையிலிருந்து பச்சையை நோக்கி
பென்சிலில் ஒரு அம்புக்குறி.
என் கை அல்ல.

எடை தொண்ணூற்று ஒன்றரை.
சிவப்பில் இன்றும் பரோட்டா மட்டும்தான்.
சனிக்கிழமை பேசிக்கொள்ளலாம்.