கழுதை வேகம்

எங்கள் தெருவுக்கு ஒரு தியாகியின் பெயர்.
ஊர்வலத்தில் குண்டடிபட்டு விழுந்த
பதினேழு வயதுப் பையன்.
ஓம்துர்மானில் பாதிப் பேருக்கு அவன் முகம் மறந்துவிட்டது.

நான் எழுதியது இவ்வளவுதான்:
நாளை பத்து மணிக்குப் பருப்பு.
தியாகி தெரு, இடிந்த மருந்துக்கடைக்குப் பின்னால்.
பாத்திரம் கொண்டு வாருங்கள்.

நாலு நிமிஷத்தில் காணோம்.
வன்முறையைப் போற்றுகிறதாம்.
எது? பருப்பா? பாத்திரமா?
வஹ்பிதான் கண்டுபிடித்தான், தெருப் பெயர் என்று.
மேல்முறையீடு என்றொரு பொத்தான் இருந்தது. அமுக்கினேன்.
உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்றது
எங்கள் அரபியை எழுத்துக்கூட்டத் தெரியாத ஏதோ ஒன்று.

அன்று அதே திரையில்
லாரி மேல் நின்று ஒருவன் பாடிக்கொண்டிருந்தான்.
காலடியில் யார் வீட்டுத் தையல் மிஷினோ.
இரண்டு லட்சம் இதயங்கள்.
அவனை யாரும் தொடவில்லை.
அவன் தெருப் பெயர் எதையும் சொல்லவில்லையே.

பிறகு கோபுரமே விழுந்தது.
இரண்டு பக்கமும் எதிர்ப்பக்கத்தைக் கை காட்டின.

வஹ்பி போன் ரிப்பேர்காரன்.
கடை எரிந்தபின் ஒரு கார் பேட்டரியும்
காதில் செருகிய ஸ்க்ரூடிரைவரும் மிச்சம்.
"கோபுரம் எதற்கு?" என்றான்.
"போனும் போனும் பக்கத்தில் வந்தால்
தானே பேசிக்கொள்ளும். நடுவில் முதலாளி கிடையாது."

தண்ணீர் வண்டி ஓட்டும் கூவாவின் சட்டைப்பையில்
ஒரு போனைப் போட்டு அனுப்பினோம்.
குடம் நிறையும் நேரத்தில்
வாசல் வாசலாகச் செய்தி இறங்கியது:
எந்தச் சந்தில் துப்பாக்கி, மாத்திரை யாரிடம்,
யாருக்கு வலி கண்டிருக்கிறது.
எல்லாம் கழுதையின் வேகத்தில்.
கழுதை நின்றால் நாட்டு நடப்பும் நின்றது.
பருப்புக்கு முந்நூறு பேர் வந்தார்கள்,
சட்டியின் அடி தெரிந்துவிட்டது.
இனி எங்களை யார் அழிக்க முடியும் என்று
அன்றிரவு சொன்னது நான்தான்.

பதினோராம் நாள் வந்தது அது.
நீலக் கதவு வீடு. மகன் அந்தப் பக்கத்துக்கு ஆள் காட்டுகிறான்.
எழுதியவர் பெயர் இல்லை.
பெயர் கேட்காததுதானே எங்கள் பெருமை.

நீலக் கதவை எனக்குத் தெரியும்.
முஸம்மில், எங்கள் சட்டிக்கு வெங்காயம் உரிப்பவன்.
அந்தப் பக்கம் போய்வந்தது உண்மை,
தங்கைக்கு இன்சுலின் வாங்க.
இன்சுலினுக்கு மட்டும்தானா என்று
சத்தியம் செய்ய என்னாலும் முடியாது.

"அழி" என்றேன்.
"எதை? என்னிடம் இருப்பது ஒன்று.
இருநூற்றுப் பன்னிரண்டு போனில் இருக்கிறது."

கூவாவின் வண்டியோடு நடந்தேன்.
வாசலுக்கு வாசல் கெஞ்சினேன், எடுத்துவிடுங்கள் என்று.
சிலர் எடுத்தார்கள்.
சிலர் எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள்.
ரொட்டி சுடும் பாபிகர்
கை மாவைத் தட்டிக்கொண்டே கேட்டார்:
"உன் பருப்பை அழித்தவனும்
நல்லதுக்கு என்றுதானே சொன்னான்?"

பதில் வந்தபோது நாலு வாசல் தாண்டியிருந்தேன்.
அவன் என் வாசலுக்கு வந்து கேட்கவில்லையே, பாபிகர்.
திரும்பிப் போய்ச் சொல்லலாமா என்று நின்றேன்.
கழுதை நிற்கவில்லை.

எண்பத்தாறாவது போனில் இருட்டிவிட்டது.

காலையில் நீலக் கதவு திறந்து கிடந்தது.
முற்றத்தில் கயிற்றுக் கட்டில், பாதி மடித்த போர்வை.
போனார்களா, கொண்டுபோனார்களா,
எந்தப் போனிலும் இல்லை.

வஹ்பி பேட்டரியைக் கழற்றி மடியில் வைத்திருந்தான்.
வெகுநேரம் பேசவில்லை இருவரும்.
பத்து மணிக்குப் பருப்பு இருந்தது.
யாராவது சொல்ல வேண்டும்.
"மாட்டு" என்றேன்.

கூவா அந்த வாசலிலும் வண்டியை நிறுத்தி
மண்ஜாடியை விளிம்பு வரை நிரப்பினார்.
காசு யார் தருவார் என்று
நான் கேட்கவில்லை.