மீனம் 26

முதல் தாள் இல்லை.
அதில்தான் ஆண்டு இருந்திருக்க வேண்டும்,
முதலாளியின் கையெழுத்தும்.
மிச்சம், கரையான் விட்டுவைத்த நாற்பது பக்கம்;
சித்திரங்கோட்டுக் கல்லுப்பொடி இன்னும் உதிர்கிற மஸ்டர் ரோல்.

தக்கலை ஆபீசில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் புரட்டுகிறேன்.
நேசையன் எங்களிடம் வந்ததே
தொண்ணூற்றெட்டுக்குப் பிறகுதான் என்கிறது கம்பெனி.
வேறெங்கோ தின்ற பொடியாம்,
இங்கே வரும்போதே நெஞ்சில் இருந்ததாம்.

எகிப்தில் அரசர்களுக்குக் கல்லறை குடைந்தவர்களுக்கும்
ஒரு கணக்கன் இருந்தான்.
சுண்ணாம்புக்கல் சில்லில் மையால் எழுதுவான்:
இன்னான் வரவில்லை, தேள்கடி.
இன்னான் பீர் காய்ச்சுகிறான்.
இன்னான், தாயின் உடலுக்குத் துணி சுற்றுகிறான்.
நாள் இருக்கும். வெள்ளப் பருவத்தில் எத்தனையாவது மாதம் என்பது இருக்கும்.
எத்தனையாவது ஆட்சியாண்டு என்பதும் சிலவற்றில் இருக்கும்,
எந்த அரசனின் ஆட்சி என்பதுதான் இருக்காது.
அவனுக்கு எதற்கு அது?
அன்று ஆண்டவன் யாரென்று
கூலி வாங்கிய எல்லாருக்கும் தெரியுமே.
மூவாயிரம் வருஷம் கழித்து யாரோ
நிலாவை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

எங்கள் மேஸ்திரி தாணுமூர்த்தியும் அப்படித்தான்.
மலையாள மாசம், தேதி, அவ்வளவே.
வந்தால் குத்துக்கோடு, வராவிட்டால் சுழி,
சுழிக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் காரணம்:
அக்கானி காய்ச்ச.
மக பெரியவளானா.
வெடிமருந்து வரல்ல, எல்லாருக்கும் லீவு.
நேசையனுக்கு நேராக ‘மூச்சு’ என்று ஒரே சொல்;
மகரத்தில் இரண்டு தடவை, கும்பத்தில் ஒன்பது.

மீனம் 26. நேசையன், சுழி. பெரிய வெள்ளி.

ஓடுகிற நாள் அது, ஓரிடத்தில் நிற்காது.
மீனம் இருபத்தாறு என்றால் ஏப்ரல் ஒன்பது;
அந்தத் தேதியில் அது வந்து நின்ற வருஷங்களைத் தேடினேன்.
எழுபத்தொன்று. எண்பத்திரண்டு.
தொண்ணூற்று மூன்று. இரண்டாயிரத்து நாலு.
பதினொன்று பதினொன்றாய்த் தாண்டி நாலு கதவு,
நாலும் திறந்து கிடக்கிறது.
கம்பெனிக்குக் கடைசிக் கதவு போதும்.

இரவு எட்டரைக்கு, அதே பக்கத்தின் மேலே,
கை ரேகை மறைத்த இடத்தில்:
மீனம் 11. பீர்கண்ணு, சுழி. நோன்புப் பெருநாள்.

பிறை வருஷத்துக்குப் பத்துப் பதினொரு நாள் பின்னே நடக்கும்.
திரும்ப மீனத்துக்கு வந்து சேர
ஒரு தலைமுறை ஆகும்.
தொண்ணூற்று மூன்று.
கொல்லம் ஆயிரத்து நூற்று அறுபத்தெட்டு.
திருவிதாங்கோட்டுப் பீர்கண்ணுவுக்கு
எழுந்து நின்று ஒரு கும்பிடு போட்டேன்,
காலி அறையில்.

மறுநாள் லீலாபாய் வந்தாள், ஆஸ்பத்திரிச் சீட்டுகளோடு.
படித்துக் காட்டினேன்.
பெரிய வெள்ளி என்றதும் சிரித்துவிட்டாள்.
“அன்னைக்கு அவரு எங்க சர்ச்சுக்கு வந்தாரு?
இங்க லீவு சொல்லிட்டு
வேர்க்கிளம்பி குவாரில இரட்டைக் கூலின்னு போனாருல்லா.
நானும் பிள்ளையளும் மட்டுந்தான் ஆராதனைக்கு.”

தேதி சரி. காரணம் பொய்.
வேறெங்கோ என்பது ஒரு நாளைக்கு உண்மை.

மனுவில் தேதியை மட்டும் எழுதினேன்.
எழுதி முடித்துப் பேனாவை மூடும்போது
அந்தச் சில்லில் தேள் கடித்தவன் ஞாபகம் வந்தது:
அன்றைக்கு அவன்
யாருடைய கல்லறையில் இருந்தானோ.