பெறும் பக்கம்

கொக்குவிலில், பூட்டிக் கிடந்த இரும்புக்கடைக்கு மேலே
இரவு ஒன்றேகால்.
குறிகட்டுவான் இறங்குதுறைப் பெட்டி
மூன்றாம் தரமும் செத்துப்போனது.

அதற்கு அறுபத்துநாலு மெகாபைட் நினைவகம்,
அவ்வளவுதான்.
காற்று எழும்பினால் எல்லாப் படகுகளும் ஒரேயடியாய்க் கதைக்கும்:
நான் இங்கை, நான் இங்கை.
ஒவ்வொரு சொல்லும் பன்னிரண்டு பைட்.
பன்னிரண்டு பைட்டாலே ஆர் சாவது?

யதுர்ஷன் ஒரு லட்சம் பொய்ப் படகுகளை அவிழ்த்துவிட்டான்.
நான் கேர்னலுக்குள் இறங்கிக் கணக்கைப் பார்த்தேன்.
செய்தியை எடை போட்டிருந்தோம்,
உறையை மறந்திருந்தோம்.
அந்தப் பன்னிரண்டு பைட் குந்தியிருந்தது
எழுநூற்று அறுபத்தெட்டுக்குள்,
ஒற்றைத் தேசிக்காய் ஏற்றிவந்த லொறி மாதிரி.
படலையில் நின்று தேசிக்காய் எண்ணினோம்.
வளவு முழுக்க லொறி.

அது போதாதென்று
உள்ளே விட்டபிறகுதான் இடமிருக்கோ என்று கேட்டது
இன்னொரு வரி.
ஆருடைய பேரிலும் எழுதாத கடன்.
முட்டியபோது கேர்னல் கண்ணில் பட்ட பெரியவனைக் கொன்றது.
அவன்தான் வரிசையை வாசித்து
வெறுமையாக்க வேண்டியவன்.

திருத்தம் சின்னது.
முதலில் உறையோடு நிறு, பேந்து ஏற்று.
பாரத்தை வாங்குகிறவன் பேரில் எழுது,
வாசித்த கையோடு கழி.
மிஞ்சினால்
கைவிடு.

அந்தச் சொல்லில் விரல் நின்றது.
"கேளாமல் விடுறதுக்கோ எங்களுக்குச் சம்பளம்?"
பிளேன்ரீயைத் தள்ளிவைத்தான் யதுர்ஷன்.
"எல்லாத்தையும் கேக்கப் போய்த்தானே
ஒண்டையும் கேளாமல் செத்தது" என்றேன்.
நியாயம் என் பக்கம்தான். இருந்தும்
கைவிட்டவற்றை எண்ண ஓர் எண்ணி வைத்தேன்.
எத்தனை என்று அது சொல்லும்.
ஆர் ஆர் என்று சொல்லாது.
ஆர் என்று எழுதிவைக்க நினைவகம் வேண்டும்;
நினைவகம் இல்லாதபடியால்தான் கைவிட்டது.

நாலு பத்துக்குக் காற்று திரும்பியது.
கீழே யாரோ சைக்கிளில் பாண் கொண்டுபோனார்.
திரையில் பூச்சியம். பூச்சியம். பூச்சியம்.
ஏழு.

பெட்டி உயிரோடு நின்றது. யதுர்ஷன் கை தட்டினான்.

அரை நிமிடத்தில் அந்த ஏழும் திரும்பச் சொல்லும்.
திரும்பச் சொல்லும் என்றுதான்
எழுதியிருக்கிறோம்.