முன்பக்கத்துக் கல்

ஹால்வார் போன பிறகு
தோணியின் மூக்கு வானம் பார்த்தது.
பின்னால் நான் ஒருத்தி, முன்னால் காற்று.
லேசாக வீசினாலே
காந்த முள் மாதிரி சுழன்றேன்.
(அவன் சாகவில்லை.
துரோண்ட்ஹைமில் லிஃப்ட் வைத்த வீட்டில் இருக்கிறான்.
முழங்காலுக்கு நல்லதாம்.)

கரையில் ஒரு கல்லை எடுத்து
குளியலறை எடை மெஷினில் வைத்துப் பார்த்தேன்.
இருபது கிலோ.
அவன் உட்கார்ந்த பலகைக்கடியில் அது
இரண்டு கோடை என்னோடு வந்தது.
வழி தப்பிவிட்டாய் என்று சொன்னதில்லை.
காபியில் பங்கு கேட்டதில்லை.

பனிக்கட்டி உடைந்த வாரம் மீருல் வந்தாள்.
சதுப்பில் வெள்ளையாய் நடுங்குமே
ஒரு பஞ்சுப்புல், அதன் பெயர்.
தாய் சறுக்குவண்டி இழுப்பவள்.
அப்பன் யாரென்று ஊருக்கே தெரியாது.
ஒரு காது வடக்கே, ஒரு காது தெற்கே.
"இவள் எதையும் இழுக்கப்போவதில்லை,"
என்று சொல்லிக் கையில் திணித்தான்
பண்ணைக்கார ஐலிஃப்.
காசு வாங்கவில்லை.

ஜூனில் அவள் ஒன்பது கிலோ.
பெரிய கல்லை இறக்கிவிட்டு
பதினொன்றில் ஒன்று தேடினேன்.
ஜூலையில் அவள் பதினான்கு,
கல் ஆறு.
அவள் கொழுக்கக் கொழுக்க
கல் இளைத்தது.
இந்த ஆகஸ்டில்
முதல்முறையாகக் கல் இல்லை.

ஆனால்
கல் எழுந்து நிற்காது.
கல் தட்டானைத் துரத்தாது.
முதல் ஏரியில்
தலைகீழாய்த் தொங்கிய சிகரத்தைப் பார்த்ததும்
எட்டிக் கடித்தாள் ஒரு கடி.
மலை கிழிந்தது.
நான் இடுப்பை வளைத்து தோணியைக் காப்பாற்றுவதற்குள்
அது தன்னைத் தானே தைத்துக்கொண்டது.
அவள் வாயில் தண்ணீர் மட்டும்.

இரண்டு ஏரிக்கும் நடுவே அறுநூறு அடி
தோணியைத் தலையில் கவிழ்த்து நடந்தேன்.
கால் முளைத்த தோணியைப் பார்த்து
வெறி பிடித்ததுபோலக் கத்தினாள்.
உள்ளேயிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.
குனிந்து, என் முகம் கண்டு,
அப்புறமும் சந்தேகமாகவே
பின்னால் வந்தாள்.

இரண்டாம் ஏரியில் ஒரு கரை முழுக்கச் செங்குத்துப் பாறை.
வாத்து ஒன்றை மிரட்டக் குரைத்தாள்.
பாறைக்குள்ளிருந்து
இன்னொரு நாய் குரைத்தது.

உறைந்துபோனாள். மறுபடி குரைத்தாள்.
அதுவும்.
கடைசிச் சொல் எப்போதும் அதனுடையதே.
நேரமாகிறதென்று நான் துடுப்பை அழுத்த
பலகையில் அப்படியே திரும்பி உட்கார்ந்தாள்,
பின்பக்கம் பார்த்து.

பதினாறு வருஷம்
அந்தப் பலகையில் நான் பார்த்தது ஒரு முதுகு.
கழுத்தில் வெயில் எரித்த சிவப்பு,
சட்டைக்குமேல் நீட்டிக்கொண்டிருக்கும் துணிச்சீட்டு.
இப்போதுதான் அங்கே ஒரு முகம்.
பெருமைப்பட ஒன்றுமில்லை.
அவள் பார்த்தது என்னை அல்ல,
என் தோளுக்கு மேலே
சிறுத்துக்கொண்டே போகும்
அந்த இன்னொருத்தியை.

மூன்றாம் ஏரி
தட்டைக் கரை, குட்டைப் பிர்ச் மரங்கள்.
மாலைக்குள் காற்றும் ஓய்ந்தது.
நடுவில் நின்றோம்.
அவள் குரைத்தாள்.
இரண்டு காதையும்
ஒரே திசைக்குக் கொண்டுவந்து காத்திருந்தாள்.
ஒன்றும் வரவில்லை.
இன்னொரு முறை. சின்னதாக.
தண்ணீர் அதை வாங்கிக்கொண்டது,
திருப்பித் தரவில்லை.

அப்போதுதான் என்னைப் பார்த்தாள்.
யாரையோ நான்
வழியில் விட்டுவிட்டு வந்ததுபோல.

சுற்றிலும் பார்த்தேன்.
தொலைவில் ஒரு கூடாரம்கூட இல்லை.
நாற்பத்தொன்பது வயது.
நகராட்சியில் வரிக்கணக்கு பார்க்கிறவள்.
துடுப்பை மடியில் குறுக்கே வைத்தேன்,
தொண்டையைச் செருமிக்கொண்டேன்,
குரைத்தேன்.

தலையைச் சாய்த்தாள்.
போதவில்லை போலிருக்கிறது.

இன்னும் கொஞ்சம் சத்தமாக.