ஈசான மூலை

வடகிழக்கு தாழ்ந்திருந்தால் செல்வம் சேரும் என்பார்கள்
நம் பக்கத்தில் மனை பார்க்கிறவர்கள்.
ஸ்காட்லாந்தில், டன்ஹாரிக் ரோவர்ஸின் மைதானம்
வடகிழக்கில் நாலேகால் அடி தாழ்ந்திருக்கிறது.
சங்கத்தின் கையிருப்பு, போன மாதக் கணக்குப்படி,
பதினொரு பவுண்டும்
பந்துக்குக் காற்றடிக்கும் பம்பு ஒன்றும்.

தானாகத் தாழ்ந்ததில்லை.
1889இல் முதன்முதலாகச் சட்டை மாட்டிய பதினொருவரும்
நிலக்கரி வெட்டியவர்கள்.
ஐந்தரை நாள் மைதானத்துக்கு அடியில்,
சனிக்கிழமை மதியம் அதன்மேல்.
தாங்களே குடைந்த வெற்றிடத்தின் கூரையில்
பந்தை உதைத்தார்கள்.
உள்ளே முட்டுக்கட்டைகள் உளுத்தன.
தரை இறங்கியது,
வருஷத்துக்கு அரை விரற்கடை.

செயலாளர் மர்டோ கில்கிறிஸ்ட் குறிப்பேட்டில் எழுதுகிறார்:
"டாஸ் ஜெயித்தால் முதல் பாதி மேட்டை நோக்கி.
இரண்டாம் பாதியில் பந்து தானே போகும்."
முப்பது வருஷம் அவர்களிடம் இருந்த ஒரே தந்திரம்.
எதிரணிகளுக்கும் அது தெரிந்தபின்
அதுவும் இல்லை.

1911இல் ஒரு பக்கம் கிழிந்திருக்கிறது.
அடுத்ததில்: பதின்மூன்றுக்குப் பூஜ்யம், தோல்வி.
காரணம் என்ற இடத்தில், "மழை."

1915இல் எட்டுப் பெயர்களுக்கு எதிரே
"விடுப்பு" என்றிருக்கிறது.
பிறகு யாரும் அதைத் திருத்தவில்லை.

இரண்டு வருஷம் கழித்து
குண்டுத் தொழிற்சாலைப் பெண்கள் ஆட வந்தார்கள்.
விரல்நுனி மஞ்சளேறிய நெஸ்ஸி கேர்ன்ஸ்
மேட்டிலிருந்து அடித்த ஒரு பந்து
நாலாயிரம் பேரை ஒரே சமயத்தில் எழுப்பியது.
(அத்தனை பேர் அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும்.)
அந்த வசூலில்தான் கொட்டகைக்குத் தகரக் கூரை.

அந்தக் கூரையின் கீழ், 1921இல், தீர்மானம்:
பெண்களுக்கு இனி மைதானம் இல்லை.
ஆதரவு ஒன்பது.
எதிர்ப்பு ஒன்று, டூகல் மெக்வீ, புல் வெட்டுபவர்,
வாக்குரிமை கிடையாது.
"தகரத்தில் மழை விழுந்ததால்
அவர் பேசியது பதிவாகவில்லை."

சுரங்கத்தை மூடியது 63இல்.
நீர் இறைக்கும் எந்திரமும் நின்றது.
கீழே தண்ணீர் ஏறி ஏறி
ஒரு ஜனவரியில் கார்னர் கொடியின் காலடியில் எட்டிப் பார்த்தது.
மிதக்கும் பந்து நிற்கும் பந்தா, ஓடும் பந்தா என்று கேட்டு
சம்மேளனத்துக்குக் கடிதம் போட்டார்கள்.
பதிலுக்குக் காத்திருக்கிறார்கள்.

கோப்பையா? ஒன்று உண்டு, 74இல்.
வாட்டி லோகனின் முழங்காலில் பட்டுத் தெறித்து விழுந்த கோல்.
அதை உதை என்றே
சாகும்வரை சொன்னார் வாட்டி.

போன வருஷம் பொறியாளர்கள் துளையிட்டுப் பார்த்தார்கள்.
சிமென்ட் ஊற்றி நிரப்ப மூன்று லட்சம் பவுண்டு ஆகுமாம்.
இல்லையென்றால் நெடுஞ்சாலை ஓரம்
நகராட்சி தரும் செயற்கைப் புல்தரை, பலகைபோல் சமம்.
கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்:
"சமத்தில் ஆட நமக்கு வருமா?"
சிரித்தார்கள்.
சிரிப்பு அடங்கியபின் யாரும் பேசவில்லை.
வாக்கெடுப்பு ஒத்திவைக்கப்பட்டது.

நான் போயிருந்த சனிக்கிழமை
பார்வையாளர் நாற்பத்தொன்று.
நாற்பதைத் தாண்டினால்தான் மானியம் என்பதால்
வாசலில் இஷ்பெல் டால்சீல்
ஒரு நாய்க்கும் சீட்டுக் கிழித்தாள்.
இறைச்சி பை முதல் பாதியிலேயே தீர்ந்துவிட்டது.

எண்பதாவது நிமிஷம், வடகிழக்கில் கார்னர்.
எதிர்க்கோடியில் நின்று பார்த்தால்
உதைக்கப் போகிறவனுக்கு இடுப்புக்கு மேலேதான் உடம்பு.
கையைத் தூக்கினான்.
பந்து முதலில் தென்படவே இல்லை.
பிறகு வந்தது,
அடியிலிருந்து யாரோ எறிந்துகொடுத்த மாதிரி,
சேறு சொட்ட, மெல்லச் சுழன்று.

தடுப்பாட்டக்காரன் தலையால் தட்டி வெளியே அனுப்பினான்.
மறுபடியும் கார்னர்.