குடல்

எங்கள் கரையில் ஒருத்திக்குப் பேர் வைப்பது
கோயிலுக்குள் ஒரு தடவை, வெளியே ஒரு தடவை.
உள்ளே எனக்கு வைத்தது ஜெர்லின் பிரிஜிட்.
வெளியே, நான் பிறக்கும் முன்னமே, கணவாய் மவ.
அப்பாவின் அப்பாவுக்கு அப்பா
கல்யாணச் சட்டையில் கணவாய் மை தெறித்தபடி
நன்மை வாங்கப் போனாராம்.
அந்தக் கறை இன்னும் எங்கள்மேல்தான் காய்கிறது.

திங்கள்நகரில், டென்சன் அண்ணனின் பிரவுசிங் சென்டரில்,
மூன்றாம் தட்டிக்குள், மணிக்கு இருபத்தைந்து ரூபாய்,
"பெயர்?" என்று கம்ப்யூட்டர் கேட்டபோது
கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.
அதுவரை யாரும் என்னிடம் கேட்டு வைத்ததில்லை.

கடல் என்று அடித்தேன்.
அந்தப் பலகையில் ஏ எழுத்து செத்துக் கிடந்தது,
எத்தனையோ பேர் அம்மாவுக்கும் அபுதாபிக்கும்
அழுத்தி அழுத்தித் தேய்த்தது.
கே, டி, எல் மட்டும் கரையேறின.
ஈப்போவிலிருந்து 'நீலரயில்' என்றொருவர்
தன் கையிலிருந்த உயிரெழுத்தைப் போட்டு வாசித்தார்:
"வாங்க, குடல்."
திருத்த என்னிடம் ஏ இல்லை.

மொத்தம் பதினோரு பேர். எல்லோருக்கும் ஒரே கிறுக்கு.
பழைய பாட்டுகளில், பல்லவி முடிந்து
சரணம் தொடங்கும் முன்னே
வயலினுக்குப் பின்னால் ஒரு பெண் ஹம்மிங் வருமே,
கேசட் அட்டையில் பேர் போடாத குரல்,
அது யார்?
ஒரே ஆள் என்று நீலரயில் சத்தியம் செய்வார்.
இரண்டு பேர் என்பாள்
டொரோண்டோவில் பனி அள்ளிக்கொண்டிருந்த 'அரைப்படி'.
நான் வாக்மேனில் நூறு தரம் கேட்டு
மூச்சு இழுக்கும் இடங்களைத் தாளில் குறித்து
பஸ் ஏறிப் போய்ச் சொல்வேன்.
ஒரு பாட்டில், அவள் விழுங்கிக்கொண்ட இருமலைக் கூட.
"குடலுக்குக் காது நல்லா இருக்கு" என்றார்கள்.
அன்று முழுக்க அப்படியே நடந்தேன், குடலாக.

பேரில்லாதவளுக்கு நாங்கள் வைத்த பேர்: ம்.
வெறும் மெய்.
என்னைப்போலவே உயிர் கிடைக்காதவள்.

பிறகு அந்த ஞாயிறு, கிறிஸ்துமஸுக்கு மறுநாள்.
அதைப் பற்றி நான் எழுதுவதில்லை.
பட்டியலைப் பற்றி மட்டும்:
பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டியிருந்தார்கள்,
அத்தனையும் கோயிலுக்குள் வைத்த பேர்.
உளி மாமாவை, சீனிச்சட்டியை, பாதிரி அக்காளை
விரல்கள் மேலும் கீழும் தேடின.
இருந்தார்கள். எங்களுக்குத்தான்
அவர்கள் பேர் தெரியவில்லை.
அப்பாவை நான் கண்டுபிடித்தேன், பதினேழாவது வரி.
பள்ளிக்கூடப் படிவங்களை நிரப்பியவள் நானல்லவா.

பதினாறு நாள் கழித்துத் திங்கள்நகர் போனேன்.
டென்சன் அண்ணன் காசு வேண்டாம் என்றான்.
பத்துப் பேரிடமிருந்து நாற்பத்து மூன்று மெயில்.
குடல், இருக்கிறாயா.
குடல், ஒரு எழுத்தாவது போடு.
குடல், எந்த ஊர் என்று உன்னைக் கேட்காமலே விட்டோமே.

அந்த ஏ மட்டும் வேலை செய்திருந்தால்
இத்தனை நாள் என்னை
என்னவென்று கூப்பிட்டிருப்பார்கள்!
தட்டியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றேன்.
ஒரு எழுத்துப் போட்டேன்:
ம்.

போன மாதம் டென்சன் அண்ணன் ஆளனுப்பினான்.
இப்போது அங்கே செல்போன் ரிப்பேர்.
வாசலில் தபால்காரர், ஈப்போ முத்திரை, சதுரப் பார்சல்.
மேலே கொட்டை எழுத்தில் தமிழ்: குடல், திங்கள்நகர்.
"இறைச்சிக்கடைக்கு உள்ளதாம்மா இது?"

உள்ளே இசைத்தட்டுதான்.
அதன் முதுகில், பொடி எழுத்தில், அவள் பேர் இருக்கிறதாம்.
கண்டுபிடித்துவிட்டேன் என்று இரண்டு வருஷமாக
மிரட்டிக்கொண்டிருந்தார் நீலரயில்.
இன்னும் பிரிக்கவில்லை.

அன்றைக்குக் கேட்டது இவ்வளவுதான்:
"ஒப்பு எங்கே போடணும்?"